டூரிஸ்ட் விசாவில் போய் சீன மொழி படிக்கலாமா? ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். ஏற்காட்டில் நாலு ஏக்கர் காப்பியும் மிளகும் உள்ள வீட்டுப் பிள்ளை. சேலத்தில் பி.காம் முடித்திருக்கிறார். ஒரு வருடம் வெளிநாட்டு மொழிப்பள்ளியில் சேர்ந்து சீன மொழி படிக்க ஆசை. சீனாவா, தைவானா என்று இன்னும் முடிவாகவில்லை. சேலத்தில் ஒரு ஏஜென்சிக்காரர், “டூரிஸ்ட் விசாவுல போய் இறங்கிடுங்க, மத்ததை அங்க போய் மாத்திக்கலாம்” என்கிறாராம். அது சரிப்படுமா, இல்லையென்றால் எந்த விசா, எப்போது வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

தம்பி, சரிப்படாது. நான் அப்படிப் போய், அறுபதே நாளில் அம்மாபேட்டைக்குத் திரும்பி வந்தவள். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் போனது தைவானுக்கு. எனக்கும் ஒரு ஏஜென்சிதான் படிவம் நிரப்பிக் கொடுத்தது. பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டார்கள். “அதான் சீக்கிரம் கிடைக்கும்” என்றார்கள். உண்மையாகவே சீக்கிரம் கிடைத்தது. விசா ஸ்டிக்கரின் கீழ்ப்பக்கம் குறிப்பு என்று ஒரு வரி உண்டு. அதில் நீட்டிப்பு கிடையாது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை நான் படிக்கவே இல்லை. அங்கே பள்ளியில் சேர்ந்து, வாடகை முன்பணம் கட்டி, சைக்கிள் கூட வாங்கிவிட்டேன். ஏழாவது வாரம் குடிவரவு அலுவலகத்துக்கு நீட்டிப்புக் கேட்டுப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக் காட்டினார். அப்புறம் “பூ ஷிங்” என்றார். ஆகாது என்று அர்த்தம். முந்தின வாரம்தான் அது பாடத்தில் வந்திருந்தது.

இரண்டாவது தடவை முறையாகப் போய் ஒன்றரை வருடம் படித்தேன். இப்போது ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பு வேலை. இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

விசா என்றாலே தூதரகம் என்றுதான் நினைக்கிறோம். மொழிப்பள்ளி விஷயத்தில் பாதி விசா பள்ளியின் கையில் இருக்கிறது. பள்ளி எந்தக் காகிதத்தைத் தர முடியுமோ, அதற்கேற்ற விசாதான் கிடைக்கும். ஆகவே கட்டணம், விடுதி, ஊர் அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டியது இது. தைவான் பள்ளி என்றால்: உங்கள் மையம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க உங்கள் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றதா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சீனப் பள்ளி என்றால்: எனக்கு ஜேடபிள்யூ 202, அதாவது மாணவர் விசாவுக்கான படிவம், தருவீர்களா? இதற்கு நேர்ப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்.

முதலில் தைவான், ஏனென்றால் அதன் விசா அலுவலகம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு கிடையாது. அதனால் தூதரகம் என்ற பெயர்ப்பலகை எங்கேயும் இருக்காது. தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையம் என்ற பெயரில் செயல்படுகிறது. சென்னையில் 2012லிருந்து ஒரு மையம் இருக்கிறது, விசாவும் அங்கேயே. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, சேர்க்கைக் கடிதம், படிப்புத் திட்டம், வங்கி ஆவணங்கள், போட்டோக்களுடன் கொடுக்க வேண்டும். கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாம்.

ஒரு வருடம் படிக்கப் போகிறவருக்கு எடுத்ததும் ஒரு வருட விசா கிடைத்துவிடாது. முதலில் தருவது வருகையாளர் விசா, பெரும்பாலும் 60 நாளோ 90 நாளோ. நோக்கம் சீன மொழி படிப்பு என்று அதில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடையாது என்ற வரி இருக்கவே கூடாது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று அந்த வரியைப் பாருங்கள், லிஃப்ட்டுக்குள் போன பிறகு இல்லை. அங்கே போனதும் வருகைப் பதிவோடு குடிவரவு அலுவலகத்தில் நீட்டித்துக்கொண்டே போகலாம், மொத்தம் 180 நாள் வரை. ஒரே மையத்தில் நான்கு மாதம் படித்து முடித்து, அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிப் பதிந்திருந்தால், அங்கிருந்தபடியே வசிப்பு விசாவுக்கு மாற்றக் கேட்கலாம். உங்கள் ஏஜென்சிக்காரர் “அங்க போய் மாத்திக்கலாம்” என்று சொன்னது இதிலிருந்து அரைகுறையாகக் காதில் விழுந்ததாக இருக்கும். மாற்றுவது நிஜம். ஆனால் படிப்புக்கென்று வாங்கிய விசாவைத்தான் மாற்ற முடியும்.

நான்கு மாதம் என்பதை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நடுவில் பள்ளி மாறினால் கணக்கு சிக்கலாகும். வகுப்புக்கு மட்டம் போட்டால் நீட்டிப்பு மறுக்கப்படும். வாரம் 15 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். சில மையங்களில் சாதாரண வகுப்பு தினம் இரண்டு மணி நேரம், வாரத்துக்குப் பத்துதான் வரும். மீதி ஐந்து மணி நேரத்தை மொழிக்கூடம், துணை வகுப்பு என்று நாமே போய்க் கையெழுத்துப் போட்டு நிரப்ப வேண்டும். என்னோடு படித்த ஒரு பையன் “பாடம்தான் புரியுதே” என்று அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுவிட்டான். மூன்றாவது மாதம் அவனை ஊருக்கு வழியனுப்பினோம்.

வசிப்பு விசாவுக்கு உடல் பரிசோதனை உண்டு. மார்பு எக்ஸ்ரே, தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசிச் சான்று முதலியவை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டை வீட்டில் பீரோவுக்குள் எங்கேயாவது கிடக்கும், அம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். விசா மாறியதும் 30 நாளுக்குள் வசிப்பு அட்டை வாங்க வேண்டும். ஆறு மாதம் வசித்த பிறகு அவர்களுடைய தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். பல் பிடுங்கப் போன அன்றுதான் எனக்கு அதன் அருமை தெரிந்தது.

சீனா வேறு மாதிரி. இரண்டே வகை: 180 நாளுக்கு மேல் படிப்பென்றால் எக்ஸ்1, 180 நாளுக்குள் என்றால் எக்ஸ்2. எக்ஸ்2க்குச் சேர்க்கைக் கடிதம் போதும். எக்ஸ்1க்கு அதோடு ஜேடபிள்யூ 201 அல்லது 202 படிவம் வேண்டும். 201 சீன அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு, 202 சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு. இந்தப் படிவத்தை எல்லாப் பள்ளிகளும் தர முடியாது. பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகள் தரும்; தனியார் பள்ளிகளில் பல தர முடியாது. தர முடியாத சில பள்ளிகள் “வியாபார விசா ஏற்பாடு செய்கிறோம்” என்று சொல்லும். அந்தப் பக்கமே போகாதீர்கள். போலீஸ் பிடித்தால் அபராதம் உங்கள் தலையில்தான்.

ஒரு வருடம் என்று மனதில் தெளிவாக இருந்தால் எக்ஸ்1ஐயே கேளுங்கள். “முதல்ல ஒரு செமஸ்டர் பார்ப்போம்” என்று எக்ஸ்2வில் போகிறவர்கள் அடுத்த செமஸ்டருக்கு மறுபடி காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எக்ஸ்1 விசா கையில் கிடைத்ததும் பலர் பதறிப்போவார்கள். தங்கும் நாட்கள் என்ற இடத்தில் 000 என்று இருக்கும். பிழை இல்லை. உள்ளே போய் 30 நாளுக்குள் அந்த ஊர்க் காவல் துறையின் குடிவரவுப் பிரிவில் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும், நாட்களை அங்கேதான் தருவார்கள். அதற்கும் முன்னால், விடுதியில் இல்லாமல் வெளியே வீடு எடுத்தால், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பயணக் களைப்பில் தூங்கிப்போய்விடுகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

இன்னொன்று, வெளிநாட்டவர் உடல் பரிசோதனைப் படிவம். ரத்தம், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சேலத்தில் எடுத்துவிடலாம். ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி எடுக்காதீர்கள். கவனிக்க வேண்டியது முத்திரை. போட்டோவை ஒட்டி, அதன்மேல் பாதியும் காகிதத்தில் பாதியும் விழுகிற மாதிரி ஆஸ்பத்திரி முத்திரை இருக்க வேண்டும். என் தோழி ஒருத்திக்கு டாக்டர் கையெழுத்துக்குக் கீழே அழகாக முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள், போட்டோமேல் குத்தவில்லை. அங்கே போய் அத்தனை டெஸ்ட்டும் மறுபடி எடுத்தாள், பணமும் மறுபடி கட்டினாள். போட்டோவுக்கும் அளவு உண்டு: சீன விசாவுக்கு 33க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோவில் வெறுமனே பாஸ்போர்ட் சைஸ் என்று சொன்னால் வேறு அளவில் வெட்டித் தந்துவிடுவார்கள்.

சீனாவின் துணைத் தூதரகம் சென்னையில் இல்லை. தில்லித் தூதரகம், மும்பை, கொல்கத்தா துணைத் தூதரகங்கள் என மூன்றே இடம். நம் மாநிலம் எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறது, நேரில் போக வேண்டுமா, ஆள் மூலம் கொடுக்கலாமா என்பதை விண்ணப்பிக்கிற மாதத்தில் அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். 2020ல் ஊருக்கு வந்த நம் மருத்துவ மாணவர்கள் 2022 ஆகஸ்டில் மாணவர் விசா மறுபடி திறக்கும்வரை எத்தனை மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விதி மாறும் என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை.

இப்போது பெயர். இரண்டு நாட்டுக்கும் பொதுவான தலைவலி, நம் ஆட்களுக்கென்றே அமைந்தது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியலோடு மு. கதிரவன் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும், சொந்தப் பெயர்க் கட்டத்தில் கதிரவன் முருகேசன் என்றும் இருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கத்திய பள்ளியின் இணையப் படிவமோ குடும்பப் பெயரைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நீங்களும் அப்பா பெயரை அதில் போட்டு நகர்ந்துவிடுவீர்கள். சேர்க்கைக் கடிதம் முருகேசன் கதிரவன் என்று வரும். விசா கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், திருத்திக் கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். பள்ளி திருத்தித் தர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் டிக்கெட் விலை ஏறியிருக்கும்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நல்லதாயிற்று: இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு எடுங்கள். சேலத்திலேயே தபால் நிலையப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்துக் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், படிவம் நிரப்புவதற்கு முன் பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்பி, “இதில் உள்ளபடியே கடிதம் வர வேண்டும், எந்தக் கட்டத்தில் எதைப் போடட்டும்” என்று பள்ளியிடமே கேட்டுவிடுங்கள். சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நோட்டரியிடம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் உங்களுக்குச் சீனப் பெயர் ஒன்றும் வைப்பார்கள். என் பெயரில் இருந்த மலர் அங்கே ஹுவா ஆகிவிட்டது. அந்தப் பெயரை விசா விண்ணப்பத்தில் எழுதிக் குழப்ப வேண்டாம்.

அடுத்து பணம். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது சுலபம்: மாதாமாதம் வரவு, வருமான வரித் தாள், முடிந்தது. உங்கள் வீட்டுக் கணக்கு அப்படி இருக்காது. காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் ஆரம்பித்துத் தை மாதம் வரை ஓடும், அப்புறம் மிளகு. வருடத்தில் எட்டு மாதம் கணக்கு வறண்டு கிடக்கும், மிளகு விற்றதும் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வந்து விழும். விசா அதிகாரி பார்வையில் அது எப்படித் தெரியும்? விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்ட பணம் மாதிரித்தான் தெரியும். நேர்மையான பணமே சந்தேகப்படும்படி இருக்கிறது.

ஆகவே ஆறு மாத வங்கி அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். வியாபாரி கொடுத்த விற்பனை ரசீது, பட்டா சிட்டா நகல், இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கும் வருமானச் சான்று, முடிந்தால் முந்தின இரண்டு வருடத்தின் அதே மாதத்து வங்கிப் பக்கங்கள், எல்லாம் சேர்த்து வையுங்கள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மார்ச்சில் இதே மாதிரி பணம் வந்திருக்கிறது என்று பார்த்தால் யாருக்கும் புரியும். தமிழில் உள்ளவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்குங்கள். மேலே ஒரு பக்கக் கடிதம், அப்பா கையெழுத்தோடு: எங்கள் குடும்பம் காப்பி, மிளகு விவசாயம், வருமானம் வருடத்துக்கு ஒரு முறை இந்த மாதங்களில் வரும், மகனின் செலவை நான் ஏற்கிறேன். அவ்வளவு போதும். தயவுசெய்து, விண்ணப்பிக்கிற வாரத்தில் மாமா கணக்கிலிருந்து ஐந்து லட்சம் மாற்றிப் போட்டு அறிக்கை எடுக்காதீர்கள். ஊரெல்லாம் சொல்லும் யோசனை அது, மாட்டிவிடுகிற யோசனையும் அதுதான்.

படிப்புத் திட்டத்தை நீங்களே எழுதுங்கள். ஏஜென்சி வைத்திருக்கும் மாதிரியில், ஐயாயிரம் ஆண்டுப் பழமையான சீனப் பண்பாட்டின்மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத காதல் என்று ஆரம்பிக்கும். படிக்கிறவர் அன்றைக்கு மட்டும் அதைப் பத்துத் தடவை பார்த்திருப்பார். ஏன் சீன மொழி, ஏன் அந்த ஊர், ஒரு வருடத்தில் எந்த அளவுக்கு வருவீர்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற நாலுக்கும் பதில் இருந்தால் ஒரு பக்கமே போதும். கடைசிக் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் கிருஷ்ணகிரியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ், சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாற்றில் ஃபெங் டேயின் செருப்புத் தொழிற்சாலை. எல்லாம் தைவான் நிறுவனங்கள். கணக்கும் தெரிந்து சீனமும் தெரிந்த ஆளை இங்கே விளக்குப் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. பி.காம் படித்த பையன் கணக்கு வழக்கைச் சீனத்தில் பேசுவேன் என்று எழுதினால் அது பொய்யாகத் தோன்றாது.

வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். தைவானில் மொழி மாணவர் ஒரு வருடம் படித்த பிறகுதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும், அதுவும் வாரம் 20 மணி நேரம். சீனாவில் பள்ளியும் குடிவரவுப் பிரிவும் ஒப்புக்கொள்ளாமல் பகுதி நேர வேலைக்குப் போவது சட்டவிரோதம். உதவித்தொகைக்கு முயலலாம். தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹுவாயு உதவித்தொகை மொழி படிப்புக்கென்றே இருக்கிறது, விண்ணப்பம் சென்னை மையம் வழியாக, வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில். சீனாவின் ஒரு வருட மொழி உதவித்தொகைக்குப் பெரும்பாலும் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் மூன்றாம் நிலை கேட்பார்கள். பழைய பாடத்திட்டத்தில் அது சுமார் 600 சொற்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேறிவிடலாம்.

சீனாவா தைவானா? என் கருத்தைக் கேட்டால் தைவான், ஆனால் நான் அங்கே படித்தவள், அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். சென்னையோடு வேலை முடிகிறது, இங்கே வேலை தருவதிலும் நிறைய அவர்கள் நிறுவனங்கள். குறை என்னவென்றால் எழுத்து. தைவானில் பழைய முழு வடிவ எழுத்து, சீனாவில் சுருக்கிய எழுத்து. பழையதைக் கற்றவர்களுக்குச் சுருக்கியது சீக்கிரம் பிடிபடும், மறுபக்கம் கொஞ்சம் கஷ்டம். உச்சரிப்பைக் குறிக்க தைவானில் 37 குறிகள் கொண்ட தனி முறை ஒன்றும் சொல்லித் தருவார்கள், முதல் வாரம் தலை சுற்றும். உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை உண்டு. சீனத்தில் மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியை மற்ற நாட்டு மாணவர்கள் ர, ஜ என்று என்னென்னவோ செய்து பார்ப்பார்கள். வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொல்கிறவருக்கு அது முதல் நாளே வந்துவிடும். அழகாபுரத்தில் ‘வாளப்பளம்’ என்று வளர்ந்திருந்தால் நான் பொறுப்பில்லை.

காலக்கணக்கு. செப்டம்பரில் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். உங்களுக்கு அதுதான் மிளகுப் பறிப்பு நேரம், தெரியும். இருந்தாலும் அப்போதுதான் உதவித்தொகை திறந்திருக்கும். மார்ச்சுக்குள் பாஸ்போர்ட்டும் பெயரும் சரியாக இருக்கட்டும். ஏப்ரல், மே பள்ளி விண்ணப்பம். பட்டச் சான்றுக்கு அரசுச் சான்றொப்பம் கேட்கிற பள்ளியென்றால், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அந்த நாட்டு அலுவலகம் என்று மூன்று இடம் போய்வர வேண்டியிருக்கும். அதற்குத் தனியாக ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். ஜூனிலோ ஜூலையிலோ சேர்க்கைக் கடிதம் வரும், வந்ததும் விசா. விசா கைக்கு வரும்வரை திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட் வாங்க வேண்டாம். செப்டம்பரைத் தவறவிட்டாலும் போகட்டும். தைவானின் பெரிய மையங்களில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நாலு பருவம் உண்டு. சீனாவில் பெரும்பாலும் செப்டம்பரும் பிப்ரவரிக் கடைசியும்தான்.

ஏஜென்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்றொப்பத்துக்கு அலைய, கூரியர் அனுப்ப அவர்கள் உதவுவார்கள், அதற்குக் கூலி கொடுக்கலாம். படிவத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தை மட்டும் நீங்களே நிரப்புங்கள்.

சென்னைக்குக் கிளம்புகிற நாள் வந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள். இரவு சேலம் ஜங்ஷனில் ஏறினால் விடிகாலை சென்ட்ரல், மையம் திறப்பதற்குள் குளித்துச் சாப்பிட்டுப் போய் நிற்கலாம். மலையிலிருந்து இறங்குவதற்கு முன் வீட்டிலேயே பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், விண்ணப்ப அச்சு மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக அம்மாவை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். நீங்களே வாசித்தால் தப்பு கண்ணில் படாது.